இப்னு ரிழ்வானின் விண்மீனும் நமது பெருமைக் கட்டுரைகளும்

'நோவா' என்ற சொல் நமது சஞ்சிகைகளில் தென்படும் ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதைக் கட்டுரையை வாசிக்காமலே என்னால் சொல்லிவிட முடியும். முதலில் நாஸா வெளியிட்ட ஒரு படத்தைப் பற்றிய செய்தி. அடுத்து, இதனை நமது மார்க்கம் ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது என்ற வாக்கியம். அதற்கடுத்து இப்னு சீனா, அல்பிரூனி, இப்னுல் ஹைதம் என்று ஒரு பெயர்ப்பட்டியல். கடைசியில், ஐரோப்பியர் எல்லாவற்றையும் நம்மிடமிருந்து களவெடுத்துச் சென்றார்கள் என்ற முறைப்பாடு. நாலைந்து பேர் மாறி மாறி எழுதினாலும் கட்டுரை ஒன்றுதான். இருபது வருடங்களாக நானும் வாசித்து வருகிறேன். இனியும் பொறுக்க முடியாது என்பதால் இதனை எழுதுகிறேன். கோபிப்பவர்கள் தாராளமாகக் கோபிக்கட்டும்.

எனது குற்றச்சாட்டு இதுதான். வானத்தைப் பார்த்தவர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே, வானத்தைப் பார்க்காத ஒரு சமூகமாக நாம் ஆகிவிட்டோம்.

முதலில் விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமது கட்டுரையாளர்கள் நோவா, சுப்பர்நோவா, நெபியூலா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள். நோவா என்றால் லத்தீனில் 'புதியது'. 1572இல் வானத்தில் திடீரெனத் தோன்றிய ஒன்றைப் பற்றி டென்மார்க் நாட்டவரான டைக்கோ பிராஹே எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. உண்மையில் அங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை. முதுமையடைந்து சுருங்கிய வெண்குறளி என்ற விண்மீன் ஒன்று இருக்கும். சூரியனின் நிறையை எடுத்துப் பூமியின் பருமனுக்குள் அடைத்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு பொருள். அதனருகே இன்னொரு விண்மீன் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் துணையிடமிருந்து ஐதரசன் வாயு வெண்குறளியின் மேல் சிறுகச் சிறுகப் படிந்து, அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறும்போது அந்த மேற்படை ஐதரசன் குண்டைப்போல வெடிக்கும். வெண்குறளி அழியாது. மறுபடியும் சேர்க்கத் தொடங்கிவிடும். இதுவே நோவா. விண்மீன் முழுவதும் சிதறிப் போனால், அல்லது பெரிய விண்மீன் ஒன்றின் நடுப்பகுதி இடிந்து விழுந்து வெடித்தால் அது சுப்பர்நோவா. வெறுங்கண்ணால் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே: நேற்று வெள்ளி இல்லாத இடத்தில் இன்று ஒரு வெள்ளி.

இனி அந்தப் புகழ்பெற்ற ரோஜாப்பூவுக்கு வருகிறேன். 1999 ஒக்டோபர் 31இல் நாஸாவின் இணையத்தளத்தில் பூனைக்கண் நெபியூலாவின் படமொன்று வந்தது. சிவந்த ரோஜாவைப்போலத் தெரியும். அதனைச் சூறா அர்ரஹ்மானின் 37ஆவது வசனத்தோடு ஒட்டி, 'வெடிக்கும் விண்மீன், குர்ஆனின் அற்புதம்' என்று உலகமெல்லாம் பரப்பினார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய இடங்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அந்த நெபியூலா நோவாவும் அல்ல, சுப்பர்நோவாவும் அல்ல. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தனது இறுதிக் காலத்தில் மேலுறையை மெதுவாக ஊதித் தள்ளியதன் மிச்சம். படத்திலுள்ள நிறங்கள் வாயுக்களைப் பிரித்துக் காட்டுவதற்காக விஞ்ஞானிகள் தெரிவுசெய்தவை. 1786இலேயே வில்லியம் ஹேர்ஷல் அதனைக் கண்டுவிட்டார். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது விண்மீன் கூட்டமல்ல, வாயு என்று காட்டினார். அந்த வசனமோ கியாமத் நாளைப் பற்றியது. தப்ஸீர் வாசித்த எந்த மௌலவியும் இதைச் சொல்வார். மறுமையின் ஒரு பயங்கரத்தை எடுத்து நாஸாவின் படத்துக்கு விளக்கக் குறிப்பாக்குவது குர்ஆனைக் கண்ணியப்படுத்துவதா? சூறா அத்தாரிக்கில் வரும் நட்சத்திரத்தைப் 'பல்ஸார்' ஆக்குகிறவர்களிடமும் இதையே கேட்கிறேன். நாளை விஞ்ஞானி தனது கருத்தை மாற்றினால் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்? அவனுக்கு மாற்றிக்கொள்வதுதான் தொழில். நமது வேதத்தை ஏன் அவனுடைய வண்டியின் பின்னால் கட்டுகிறீர்கள்?

இப்போது நமது முன்னோரைப் பற்றிப் பேசுவோம். அவர்களைப் பற்றிப் பேச எனக்கு ஆசை இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களை ஒழுங்காகப் பேசவேண்டும் என்பதே எனது சண்டை.

ஹிஜ்ரி 396, அதாவது கி.பி. 1006ஆம் ஆண்டு. எகிப்தின் புஸ்தாத் நகரில் அலி இப்னு ரிழ்வான் என்றொரு மாணவர். பின்னாளில் பெயர்பெற்ற வைத்தியர். தகப்பன் ரொட்டி சுடுகிறவர். வீட்டில் வறுமை. ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லாமல் புத்தகங்களைத் தானே படித்து, தெருவில் சோதிடம் பார்த்துப் பிழைத்தவர். அவர் தெற்கு வானில் ஒரு புதிய ஒளியைக் கண்டார். வட்டமானது, வெள்ளிக் கிரகத்தைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரியது, சந்திரனின் ஒளியில் கால்பங்குக்குச் சற்று அதிகம் என்று பிற்காலத்தில், தொலமியின் நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் பதிவு செய்தார். அதோடு நிறுத்தவில்லை. அன்று சூரியன் இடப ராசியில் 15 பாகையில் நின்றது, அந்த ஒளி விருச்சிகத்தில் 15 பாகையில் நின்றது, மற்றக் கிரகங்கள் இன்னின்ன இடங்களில் நின்றன, சூரியன் கன்னி ராசிக்கு வந்தபோது அது மறைந்தது என்றெல்லாம் எழுதி வைத்தார்.

அந்தக் கிரக நிலைகள் இருந்தபடியால்தான் 1006 ஏப்ரல் 30 என்று திகதியையே கணக்கிட முடிந்தது. 1965இல் பேர்னார்ட் கோல்ட்ஸ்டீன் என்ற அறிஞர் இப்னு ரிழ்வானின் குறிப்பையும் பிறநாட்டுக் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து இது ஒரு சுப்பர்நோவா என்று காட்டினார். அதே 1965இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டியைக் கொண்டு கார்ட்னர், மில்ன் என்ற இருவர் அந்த வெடிப்பின் மிச்சத்தை வானில் கண்டெடுத்தார்கள். நமக்கு ஏறக்குறைய 7,200 ஒளியாண்டு தொலைவிலே இருக்கிறது. மனிதர் எழுதிவைத்த விண்மீன்களில் மிகப் பிரகாசமானது அதுதான். கெய்ரோவில் அது அடிவானத்துக்கு மேல் இருபது பாகை அளவில்தான் எழும்பியிருக்கும். நமது அம்பாறைப் பக்கத்தில் பாதி வானத்தில் நின்றிருக்கும்.

ரொட்டிக்காரரின் மகன் ஒருவன் எழுதிவைத்த எண்கள் 959 வருடங்களின் பின் வேலை செய்தன. இதுதான் பெருமை. 'இப்னு ரிழ்வான் சுப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார்' என்று எழுதும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்த 15 பாகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்கள்? யெமன் நாட்டு வரலாற்றாசிரியர்களின் குறிப்புகள் இன்னும் சில நாட்கள் முந்தியவை. றஜப் மாதத்தின் நடுவிலேயே அது தெரிந்ததாகச் சொல்கின்றன. இப்னு சீனாவும் அது ஏறத்தாழ மூன்று மாதங்கள் நின்றதையும் நிறம் மாறியதையும் குறித்திருக்கிறார். இவற்றை அண்மைக் காலத்தில் வெளிக்கொணர்ந்தவர்களில் ஜேர்மனிய வானியலாளர் ரால்ஃப் நொய்ஹொய்சர் முக்கியமானவர். நமது நூல்களை நமக்காக அவர்கள் புரட்டுகிறார்கள். நாம் அவர்களின் முடிவை வாங்கி, 'பார்த்தீர்களா!' என்று கட்டுரை எழுதுகிறோம்.

மறைக்கப்படும் பக்கங்களும் உண்டு. இப்னு ரிழ்வான் அந்த விண்மீனை யுத்தத்துக்கும் பஞ்சத்துக்கும் சகுனமாக வாசித்தார். சோதிடர் அல்லவா. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மக்களைத் திருத்தியது நமக்கெல்லாம் தெரியும். சொந்த மகனின் ஜனாஸா நாளில் சொன்ன சொல் அது. இப்னு ரிழ்வானின் எண்களை ஏற்கலாம், சகுனத்தைத் தள்ளலாம். இரண்டையும் வாசகனுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளவேண்டும். நமது கட்டுரையாளர்கள் சொல்வதேயில்லை.

இன்னொன்று. 1054இல் தோன்றிய சுப்பர்நோவாவைச் சீனர் விரிவாகப் பதிந்தார்கள். பகலில் 23 நாட்கள் தெரிந்தது என்றார்கள். அரபியில் கிடைக்கும் குறிப்பு இப்னு புத்லானுடையது. அவருடைய பெயரை 'முஸ்லிம் விஞ்ஞானிகள்' பட்டியலில் போட்டு ஒரு சிறுபிரசுரம் நமது ஊருக்கும் வந்தது. இப்னு புத்லான் பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ வைத்தியர்! அதிலும் வேடிக்கை, அவர் புஸ்தாதுக்கு வந்து இப்னு ரிழ்வானோடு பெரும் வாதச்சண்டை பிடித்தவர். இப்னு ரிழ்வானின் தோற்றத்தைக் கேலிசெய்து 'ஜின்களின் முதலை' என்று பட்டம் வைத்தவர். இன்று நமது சிறுபிரசுரக்காரர் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து இருவருக்கும் றஹ்மத்துல்லாஹி அலைஹி போட்டுவிட்டார்.

கசப்பான மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். டைக்கோ தனது அவதான நிலையத்தைக் கட்டத் தொடங்கியது 1576இல். மறுவருடம் இஸ்தான்பூலில் தகியுத்தீன் என்ற மேதைக்கு மூன்றாம் முராத் சுல்தான் அதே தரத்தில் ஓர் அவதான நிலையம் அமைத்துக் கொடுத்தார். 1577இன் வால்வெள்ளியை வைத்துத் தகியுத்தீன் சுல்தானுக்கு நல்ல சகுனம் சொன்னார். கொள்ளைநோய் வந்தது. ஷெய்குல் இஸ்லாமின் தூண்டுதலோடு 1580 ஜனவரியில் அந்த நிலையம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. டைக்கோவின் நிலையம் இருபது வருடங்கள் வேலை செய்தது. களவெடுத்தார்கள் என்று அழுகிறவர்கள் இடித்தவர்கள் யாரென்பதையும் ஒரு வரி எழுதினால் என்ன?

சரி, அதெல்லாம் சுல்தான்களின் கதை. காசுள்ளவனும் அரண்மனைக்காரனும்தான் வானத்தைப் பார்க்கலாம் என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்கு ஒரு வங்காளக் குமாஸ்தாவைக் காட்டுகிறேன். ராதாகோபிந்த சந்திரர். 1878இல் இன்றைய பங்களாதேஷிலுள்ள ஜெஸோரில் பிறந்தவர். பிரவேசப் பரீட்சையில் மூன்று தரம் தவறியவர். கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் வேலை. 1910இல் ஹேலி வால்வெள்ளியைப் பார்த்துப் பித்துப் பிடித்து, சிறு தொலைகாட்டி ஒன்றை லண்டனிலிருந்து தருவித்தார். 1918 ஜூன் 7ஆம் திகதி இரவு கழுகு விண்மீன் குழுவில் அதற்கு முன் இல்லாத ஒரு வெள்ளியைக் கண்டார். 1604க்குப் பின் வானில் தோன்றிய மிகப் பிரகாசமான நோவா அது. ஐரோப்பாவில் பலர் அதனைக் கண்டது அடுத்த நாள், ஜூன் 8இல். சந்திரரின் குறிப்பு அமெரிக்காவின் ஹார்வர்ட் அவதான நிலையத்துக்குப் போனது. மாறொளி விண்மீன் அவதானிப்போரின் அமெரிக்கச் சங்கத்தில் அவர் சேர்ந்தார். அந்தச் சங்கம் ஆறேகால் அங்குலத் தொலைகாட்டி ஒன்றை ஜெஸோருக்கு அனுப்பி வைத்தது. பகலில் காசு எண்ணி, இரவில் விண்மீன்களின் ஒளியை அளந்து, 1954 வரை அந்த மனிதர் அனுப்பிய அவதானங்கள் 37,000க்கு மேல். அந்தத் தொலைகாட்டி பின்னர் வைணு பாப்புவின் கைக்கு வந்து தமிழ்நாட்டின் காவலூர் அவதான நிலையத்தைச் சேர்ந்தது. சந்திரர் முஸ்லிம் அல்ல. ஆகவே நமது பட்டியலில் இல்லை. இப்னு ரிழ்வானின் உண்மையான வாரிசு யாரென்று என்னிடம் கேட்டால், இந்தக் குமாஸ்தாவைத்தான் சொல்வேன்.

வரிப்பத்தான்சேனையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இறக்காமத்து வட்டைகளில் யானைக் காவலுக்குப் பரணில் இரவிரவாக விழித்திருக்கும் முல்லைக்காரர்கள் ஒரு போகத்தில் பார்க்கும் வானத்தைக் கொழும்பிலுள்ள ஒருவர் ஆயுள் முழுக்கப் பார்க்க மாட்டார். குளக்கட்டில் ஏறி நின்றால் பால்வீதி தலைக்கு மேல் புகைபோலக் கிடக்கும். இந்தக் கிழக்குக் கரையின் வானம் எவ்வளவு தெளிவு என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. மோல்ஸ்வேர்த் என்ற இராணுவ அதிகாரி திருகோணமலையில் இருந்துகொண்டே வியாழனையும் செவ்வாயையும் வரைந்து உலகப் புகழ் பெற்றார். 1901இல் வியாழனின் தெற்குப் பட்டையில் ஏற்பட்ட பெரிய குழப்பத்தை முதலில் கண்டவர் அவர். அதோடு நாம் பிறை பார்க்கும் சமூகம். இருபத்தொன்பதாம் நாள் மஃரிபில் ஊரே மேற்கு நோக்கி நிற்கும். இப்படி மாதத்தில் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்ப்பதைக் கடமையாகக் கொண்ட மக்கள் வேறு யார்? ஆனால் பிறை தெரிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுகிறோம். பிறைக்கு மேலே நிற்கும் வெள்ளி எது என்று கேட்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். நமது கவிஞர்களைக் கேட்கவே வேண்டாம். நடுச்சாமத்தில் இளம்பிறையை உச்சிக்கு ஏற்றிய கவிதைகளை நான் வாசித்திருக்கிறேன், அதுவும் பெருநாள் மலர்களில்!

எனது மனக்கசப்புக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. 2019 டிசம்பரில் ஓரியன் விண்மீன் குழுவின் சிவந்த விண்மீனான பீட்டல்ஜூஸ் மங்கத் தொடங்கியது. அரபியில் யத் அல்ஜவ்ஸா. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசிக்கொண்டது. தரம் ஒன்பதில் ஒரு பையன், முல்லைக்காரர் ஒருவரின் மகன், என்னிடம் வந்து, "சேர், வாப்பாவும் கண்டாராம். அந்தச் செவத்த வெள்ளிக்கி என்னமோ ஆகிட்டு" என்றான். பக்கத்து வெள்ளிகளோடு ஒப்பிட்டு எழுதிவா மகன் என்றேன். எழுதினான். 'றைஜலைவிட நல்லா மங்கல். அல்தபரானைவிடக் கொஞ்சம் மங்கல்.' மாரி காலம். கொப்பியில் பாதி நாட்கள் 'மழை', 'மேகம்', 'மழை' என்றே இருக்கும். பெப்ரவரியில் அது வழமையில் பாதிக்கும் குறைவான ஒளிக்கு இறங்கியது. பெரிய நிலையங்கள் அளந்து சொன்ன அதே வீழ்ச்சி அந்த நாற்பது பக்கக் கொப்பியிலும் இருந்தது.

அந்த மாத இறுதியில் ஒரு கண்காட்சி. கொப்பியை மேசையில் வைத்தோம். பக்கத்து மேசையில் அதே ரோஜாப்பூப் படம், பெரிதாக, கண்ணாடித் தாளில். முதற்பரிசு ரோஜாப்பூவுக்கு. நடுவராக வந்திருந்தவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "என்ன தம்பி, எல்லாம் மழையெண்டே எழுதியிருக்கிறாய்?" என்று சிரித்தார். பையனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவன் எழுதவில்லை. இப்போது கட்டாரில் வேலை. கொப்பி எனது அலுமாரியில் இருக்கிறது. மேகம் மறைத்த நாளை மேகம் என்று எழுதுகிறவன்தான் விஞ்ஞானி. காணாததைக் கண்டதாகச் சொல்லாத அந்த நேர்மையைப் பிறை சாட்சியிடம் கேட்கிறோம், மாணவனிடம் கண்டால் சிரிக்கிறோம்.

'இலக்கியச் சஞ்சிகையில் இதெல்லாம் எதற்கு, மாஸ்டர்?' என்று கேட்பார்கள். ஏனென்றால் அந்த ரோஜாப்பூவை வளர்த்தது நமது பக்கங்கள்தாம். பெருமைக் கட்டுரைக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறோம். நான் ஆசிரியர் குழுவிடம் கேட்பது அரைப் பக்கம். யாராவது ஒரு மாணவர், ஒரு வயற்காவற்காரர், ஒரு முஅத்தின் இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன வெள்ளியைப் பார்த்தேன், இன்ன வெள்ளியைவிட இவ்வளவு பிரகாசம் என்று எழுதினால் அப்படியே போடுங்கள். மழை என்று எழுதினாலும் போடுங்கள்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மே மாதத்தில் இஷாவுக்குப் பின் வடகிழக்கில், ஸிமாக் என்று அரபிகள் அழைத்த பிரகாசமான வெள்ளிக்குக் கீழே, கிண்ணம்போல வளைந்த ஒரு விண்மீன் கூட்டம் தெரியும். அரபிகள் அதனை அல்பக்கா என்றார்கள். வட்டம் முழுமையாக இல்லாமல் உடைந்திருப்பதால் 'மிஸ்கீன்களின் கிண்ணம்' என்றும் சொன்னார்கள். அதன் விளிம்புக்குச் சற்று வெளியே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வெண்குறளி ஏறத்தாழ எண்பது வருடங்களுக்கு ஒரு தடவை நோவாவாக வெடிக்கிறது. 1866இல் அயர்லாந்தின் பேர்மிங்ஹாம் என்ற நிலக்காரர் அதனைக் கண்டார். ஹக்கின்ஸ் உடனே நிறமாலைக் கருவியைத் திருப்பி அங்கே ஐதரசன் ஒளிர்வதைக் கண்டார். நோவா ஒன்றின் ஒளி அப்படிப் பிரித்துப் பார்க்கப்பட்டது அதுவே முதற்தடவை. 1946 பெப்ரவரியில் அது மறுபடியும் வெடித்தபோது முதலில் கண்டவர்களில் ஒருவர் கமென்சுக் என்ற சோவியத் ரயில்பாதைக் காவற்காரர். 2024இல் வெடிக்கும் என்று வானியலாளர்கள் காத்திருந்தார்கள். அந்த வருடம் ஏமாற்றிவிட்டது. ஆனால் முறை வந்துவிட்டது. வெடித்தால் கிண்ணத்தின் மிகப் பிரகாசமான வெள்ளிக்குச் சமமாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஒரு வாரமளவில் மட்டுமே நிற்கும். கிண்ணத்தில் சாதாரணமாக எத்தனை வெள்ளிகள் தெரிகின்றன என்பதை முன்கூட்டியே எண்ணி வைத்திருக்காதவருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எனது கண்ணுக்கு வட்டைக் கரையிலிருந்து ஏழு தெரிகின்றன.